விதி என்று சொல்வதற்கு முன் படுக்கையைப் பாருங்கள்

பிறந்து பத்து நாளான குழந்தை தூங்கும் இடத்தைச் சுற்றி நம் வீடுகளில் பெரிய காவல் போடுகிறோம். தலைமாட்டில் இரும்பு வேண்டும் என்று ஒரு கத்தியோ பாக்குவெட்டியோ வைக்கிறோம். நிலைப்படியில் வேப்பிலை, கட்டிலுக்கடியில் துடைப்பம் அல்லது பழைய செருப்பு. குழந்தையின் கையில் வசம்பு வளையல், இடுப்பில் கருப்புக் கயிறு, கழுத்தில் தாயத்து, கன்னத்தில் மைப்பொட்டு. காத்து கருப்பு அண்டக்கூடாது, பறவையின் நிழல் பட்டுப் பட்சி தோஷம் பிடித்துவிடக்கூடாது என்று இவ்வளவும் நடக்கிறது. இந்தக் காவலுக்கு உள்ளே குனிந்து பாருங்கள். குழந்தை புதைந்து கிடக்கிற பஞ்சு மெத்தை, மண்டை உருண்டையாக வரட்டும் என்று வைத்த கடுகுத் தலையணை, உருண்டு விழாதிருக்க இரண்டு பக்கமும் திண்டுகள், மேலே கம்பளிப் போர்வை, சித்திரை மாதத்திலும் தலையில் குல்லா. ஒரு பச்சைக் குழந்தையின் மூச்சை நிறுத்தக்கூடிய பொருள்கள் அத்தனையும் காவலுக்கு உள்ளேதான் இருக்கின்றன.

அந்த வீட்டில் யாருக்கும் அன்பு குறைவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கும் பாட்டியும் தாயும் அந்தக் குழந்தைக்காக எதையும் செய்வார்கள். குறைவது ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் படுக்கையில் எது குழந்தையின் மூச்சை அடைக்கும்? இந்தக் கேள்வியைப் பாட்டியிடம் கேட்க வேண்டும், மருத்துவரிடம் கேட்க வேண்டும், மெத்தை விற்கும் கடைக்காரரிடமும் கேட்க வேண்டும். யாருக்கும் சலுகை கூடாது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்துக்கு வலு இல்லை. மூச்சுக்குழாய் மெல்லியது, குறுகியது. தலைக்கு உயரம் வைத்துத் தாடை நெஞ்சில் முட்டும்படி படுக்க வைத்தால், தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கித் தண்ணீர் தடைபடுவதுபோல் காற்று தடைபடும். முகம் மெத்தையிலோ தலையணையிலோ புதைந்துவிட்டால், தான் வெளியே விட்ட காற்றையே குழந்தை திரும்பத் திரும்ப இழுக்கும்; கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், பிராணவாயு குறைந்துகொண்டே வரும். பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் தூக்கத்திலேயே உடம்பு உசுப்பிவிடும், புரண்டு படுத்துவிடுவோம். சில குழந்தைகளுக்கு அந்த உசுப்பல் வருவதில்லை. வந்தாலும் தலையைத் திருப்ப முடிவதில்லை. அழுகைச் சத்தமும் கேட்காது. பக்கத்திலேயே படுத்திருக்கும் தாய்க்குத் தெரியாமல் ஒரு உயிர் போவது இப்படித்தான்.

ஆகவே குழந்தைக்கு வேண்டியது சமமான, அழுத்தினால் அமுங்காத பரப்பு. அதில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, திண்டு, பொம்மை, கனத்த போர்வை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. தாய் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்த இடம் இருக்க வேண்டும். இன்றைய மருத்துவ அறிவு சொல்வதன் சாரம் இவ்வளவுதான். இதற்கு ஆகும் செலவு, சாந்தி கழிக்க வாங்கும் சாமான்களின் செலவைவிடக் குறைவு.

"மல்லாக்கப் போட்டா கக்குன பாலு புரையேறிடாதா?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. படிக்காத பாட்டிக்கு மட்டும் வந்த பயம் இல்லை இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்குக்கும் இதே பயம் இருந்தது. 1946இல் முதலில் வந்த அவருடைய குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்றது. மேலைநாட்டுத் தாய்மார்களுக்கு அதுவே வேதம். 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் அவர், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்றார். கக்கினால் மூச்சில் போகாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கேட்டவர்களுக்கு அது சரியாகவே பட்டது. மருத்துவமனைகளும் அதையே பின்பற்றின. லட்சக்கணக்கான வீடுகளில் குழந்தைகள் குப்புறக் கவிழ்க்கப்பட்டன.

உடற்கூறு வேறு மாதிரி இருக்கிறது. குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் அதற்குக் கீழே இருக்கிறது. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். உணவுக்குழாயிலிருந்து வருவது மூச்சுக்குழாயின் வாயில் தேங்க இடமிருக்கிறது. பாட்டியும் பேர்பெற்ற மருத்துவரும் ஒரே ஊகத்தைச் செய்தார்கள், இருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவர் பேச்சு ஒரு வீட்டோடு நின்றது. இன்னொருவர் பேச்சு கண்டம் கண்டமாகப் பரவியது.

சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சூசன் பீல் என்ற குழந்தை மருத்துவர், 1970களிலிருந்து, தூக்கத்தில் குழந்தை இறந்துபோன வீடுகளுக்கு நேரில் போய்க்கொண்டிருந்தார். துக்க வீட்டில் உட்கார்ந்து பெற்றோரிடம் பேசினார். குழந்தை எங்கே படுத்திருந்தது, எப்படி வைக்கப்பட்டது, எப்படிக் காணப்பட்டது, மேலே என்ன போர்த்தியிருந்தது என்று கேட்டார். படுக்கையைப் பார்த்தார். வீடு வீடாகப் போய்ச் சேர்த்த அந்த விவரங்களில் குப்புறப் படுத்த குழந்தைகளே அதிகம் என்பது புலப்பட்டது. நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியிலும் ஆய்வுகள் அதையே காட்டின. 1987இல் நெதர்லாந்தும், 1991இன் கடைசியில் பிரிட்டனும், 1994இல் அமெரிக்காவும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனில், தொட்டில் மரணங்கள் எனப்படும் இந்தத் தூக்க மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்காவில் 1990இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 130 என்றிருந்த இந்த வகை மரணம், 2020இல் 38க்கு வந்தது. புது மருந்தோ கருவியோ கண்டுபிடிக்கவில்லை. முக்கியமாகச் செய்தது, குழந்தையைத் திருப்பிப் போட்டதுதான்.

ஆனால் 2005இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்தபோது, குப்புறப் படுப்பதன் ஆபத்தைக் காட்டும் ஆதாரம் 1970லேயே கைவசம் இருந்தது தெரிந்தது. அதை அப்போதே ஒன்றாகச் சேர்த்துப் படித்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டும். பாட்டியின் வாக்கை விட்டு மருத்துவரின் வாக்கைப் பிடித்துக்கொள்வது பகுத்தறிவாகிவிடாது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பதும், ஆதாரம் மாறினால் இருபது வருஷப் பழக்கத்தை ஒரே இரவில் மாற்றிக்கொள்வதும்தான் பகுத்தறிவு.

அடுத்து வரும் எதிர்ப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "நாங்கள்லாம் அப்படித்தான் வளந்தோம், செத்தா போயிட்டோம்?" இதைச் சொல்கிறவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இல்லாதவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். அவருடைய அம்மா எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள். "எட்டுப் பெத்து அஞ்சு நின்னுச்சு" என்ற பதில் பல வீடுகளில் வரும். 1971இல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28; தமிழ்நாட்டில் 13. அந்தக் காலத்து மரணங்களில் பெரும்பகுதி தொற்றுநோயாலும் எடைக்குறைவாலும் பிரசவக் கோளாறாலும் வந்தவை. தூக்கத்தில் போனவை எத்தனை என்று பிரித்துச் சொல்ல யாரும் எழுதி வைக்கவில்லை. தங்கிய ஐந்து பேர் வளர்த்த முறைக்குச் சான்றாகிறார்கள். போன மூன்று பேர் விதிக்குச் சான்றாகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே கையால் வளர்ந்த எட்டுப் பேரை இப்படிப் பிரித்து எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

விதி என்ற சொல்லை நான் வெறுப்பதற்கு முக்கியமான காரணம் இதற்குப் பிறகு வருகிறது. 'கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார்' என்பது துக்கத்தில் இருக்கும் தாய்க்கு ஆறுதல், அதைப் பறிக்காதே என்கிறார்கள். அந்தத் தாய்க்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ராசி இல்லாதவள் என்ற பெயர் கிடைக்கிறது. அவள் ஜாதகத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போனாளா, தீட்டுக்காரி நிழல் பட்டதா என்று விசாரணை நடக்கிறது. அடுத்த வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. விதி அவளை விடுவிக்கவில்லை. அவள் செய்யாத, யாராலும் நிரூபிக்க முடியாத, திருத்தவே முடியாத ஒரு குற்றத்தை அவள் தலையில் கட்டுகிறது. படுக்கையைப் பார்த்திருந்தால், மெத்தை அமுங்கியது என்ற ஒரு காரணம் கிடைத்திருக்கும். அந்த மெத்தையை அவள் வாங்கவில்லை, சீராக வந்தது. தலையணையை அவள் வைக்கவில்லை, வைக்கச் சொன்னார்கள். அது ஆபத்து என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை. காரணத்தைத் தேடுவது அவளைக் குற்றவாளி ஆக்காது. அவளுடைய அடுத்த குழந்தைக்கும் அடுத்த தெருவில் பிறக்கும் குழந்தைக்கும் அதைவிடப் பெரிய காப்பு கிடையாது. காரணம் முழுதும் புரியாத மரணங்களும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் இழந்த தாய்மார் உண்டு. அவர்களிடம் இந்தக் கட்டுரையைக் காட்டி ஒரு சொல் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை.

நம் வீடுகளின் நிஜத்துக்கு வருவோம். ஒரே அறை, ஒரே பாய், அதில் நான்கைந்து பேர். குழந்தைக்குத் தனிக் கட்டில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தாயும் சேயும் ஒரே படுக்கையில் தூங்குவதைப் பற்றி மருத்துவ உலகிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கூடாது என்கிறது. தாய்ப்பாலூட்டல் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு, எல்லாருக்கும் ஒரேயடியாகத் தடை போட வேண்டாம், ஆபத்தான சூழ்நிலைகளைத் தவிர்த்தால் போதும் என்று 2020இல் சொன்னது. ஆபத்தான சூழ்நிலைகள் எவை என்பதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். படுக்கையில் இருப்பவர் குடித்திருப்பது, புகைப்பவராக இருப்பது, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோ டானிக்கோ சாப்பிட்டிருப்பது, குழந்தை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்திருப்பது, சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது. இந்த ஒவ்வொன்றிலும் ஆபத்து ஏறுகிறது, சோபாவில் மிக அதிகமாக.

இந்தப் பட்டியலின் முதல் வரி தமிழ்நாட்டு ஆண்களை நோக்கி எழுதியதுபோல் இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் டெம்பிள்மன், படுக்கையில் மூச்சுத் திணறி இறந்த 258 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டார். கூலி கையில் கிடைத்துக் குடிக்கும் சனிக்கிழமை இரவுகளில் அந்த மரணங்கள் அதிகமாக இருந்தன. 1908இல் பிரிட்டன், குடித்துவிட்டுக் குழந்தையோடு படுத்து அதன் மரணத்துக்குக் காரணமாவதைச் சட்டப்படி குற்றமாக்கியது. நம் ஊரில் டாஸ்மாக் கடையிலிருந்து திரும்பும் தகப்பன் அதே பாயில், அதே குழந்தைக்குப் பக்கத்தில் விழுகிறான். அவனைத் திண்ணையில் படுக்கச் சொல்லும் அதிகாரம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியைத் தீட்டு என்று பின்கட்டில், காற்றில்லாத அறையில் ஒதுக்கும் அதிகாரம் எல்லாருக்கும் இருக்கிறது. குழந்தைக்குத் தீங்கு செய்யாத தாயின் ரத்தம் தீட்டு. அதன் மூச்சை நிறுத்தக்கூடிய தகப்பனின் போதை தீட்டு இல்லை. இந்த வரிசையை மாற்றாத வரை குழந்தைப் பாதுகாப்பு பற்றி நாம் வாய் திறக்கத் தகுதியற்றவர்கள்.

தூளிக்கு வருகிறேன், இங்கேதான் பலருக்கு மனம் நோகும். அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியைப் பற்றிப் பேசினால் தாலாட்டையே குறை சொன்னதுபோல் எடுத்துக்கொள்கிறோம். தூளியில் போட்ட பச்சைக் குழந்தையின் முதுகு வளைகிறது, தாடை நெஞ்சுக்கு வருகிறது, சேலையின் இரண்டு ஓரங்களும் முகத்துக்கு மேலே சேர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூக்கு தெரிவதில்லை. ஆகவே முதல் சில மாதங்களில், இரவுத் தூக்கத்துக்கு, ஆள் பார்வை இல்லாத நேரத்துக்குத் தூளி கூடாது என்றே சொல்வேன். பகலில் போட்டே ஆக வேண்டுமானால், குறுக்குக் கட்டை கொடுத்துத் துணியை விரித்து, முகம் தெரிய, யாராவது கண் எடுக்காமல் இருக்க வேண்டும். குழந்தை புரள ஆரம்பித்த பிறகு தூளியை அவிழ்த்துவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருகின்றன. ஆளில்லாத தூளியை ஆட்டினால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று பயப்படும் வீட்டில், ஆளில்லாத தூளியைக் கழற்றி வைக்கும் பழக்கம் இல்லை.

ஆனால் களத்துமேட்டில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், மரக்கிளையில் தூளி கட்டும் தாயிடம் போய் இதே உபதேசத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே தரையில் எறும்பும் தேளும் நாயும் ஜல்லி லாரியும். இருக்கும் இடங்களில் தூளியே மேல் என்று அவள் எடை போட்டிருக்கிறாள். அந்த எடை சரி. பிசகு வேறிடத்தில் இருக்கிறது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடங்களில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி எழும்பியபோது அங்கே அப்படி ஒரு அறை இருந்ததா என்று பில்டரிடம் கேட்டிருக்கிறீர்களா?

பழையது எல்லாம் கெட்டது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தரையில் விரித்த கோரைப்பாயும் அதன்மேல் மடித்துப் போட்ட ஒற்றைப் பருத்தித் துணியும் சமமானவை, அமுங்காதவை. கடையில் விற்கும் மெத்து மெத்தென்ற குழந்தை மெத்தையைவிடப் பாதுகாப்பானவை. குடைபோல் விரியும் கொசுவலையோடும் திண்டுகளோடும் நாம் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகும் படுக்கையில் கொசுவலையை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம். பெரிய கம்பெனி செய்தது, ஆகவே சோதித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் ஒரு மூடநம்பிக்கைதான். ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் சாய்வுத் தொட்டில் 2009இலிருந்து அமெரிக்காவில் விற்றது. அதில் 30க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2019இல் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்படிச் சாய்ந்த தொட்டில்களைத் தடை செய்யும் சட்டம் அங்கே 2022இல்தான் வந்தது. சாய்வில் தலை முன்னே கவிழ்கிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது. தூளியில் நடப்பதும் அதுவே.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் ஒரு நல்ல வழி பிறந்தது. குழந்தையைத் தங்களோடு படுக்க வைப்பது அவர்கள் மரபு. புகைப்பழக்கம் மிகுந்த வீடுகளில் குழந்தை மரணமும் மிகுந்திருந்தது. 2006 வாக்கில் மாவோரி மருத்துவர் டேவிட் டிப்பீனி-லீச்சும் நெசவு செய்யும் பெண்களும் சேர்ந்து, நாரில் பின்னிய சமதளமான கூடை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர் வாகாகுரா. பெரியவர்களின் படுக்கையிலேயே அதை வைக்கலாம். குழந்தைக்குத் தனிப் பரப்பும் கிடைக்கிறது, தாயின் அருகும் கிடைக்கிறது. தாயைத் திட்டவில்லை, மரபைக் கேலி செய்யவில்லை, ஆபத்தையும் மூடி மறைக்கவில்லை. பத்தமடையில் பாய் நெய்யும் கைகளுக்கு இப்படி ஒன்று பின்ன எத்தனை நாள் ஆகும்? 2015இலிருந்து நம் அரசு மருத்துவமனைகளில் 16 பொருள்களோடு குழந்தை நலப் பெட்டகம் கொடுத்து வருகிறார்கள். குழந்தைக்குப் படுக்கை தர வேண்டும் என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. அந்தப் படுக்கை அமுங்காத, தட்டையான ஒன்றாக இருக்கட்டும். அதன் மேலேயே மல்லாக்கப் படுத்த குழந்தையின் படத்தை அச்சிட்டுக் கொடுக்கட்டும்.

மருத்துவமனையில் பிறந்து வீடு திரும்பிய குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று தேசிய சுகாதாரத் திட்டத்தில் விதி இருக்கிறது. வருகிறவர் எடை பார்ப்பார், சூடு பார்ப்பார், பால் குடிக்கிறதா என்று கேட்பார். "குழந்தை ராத்திரி எங்கம்மா படுக்குது, காட்டுங்க" என்றும் அவர் கேட்க வேண்டும். தீட்டு அறைக்குள் வரக்கூடாது என்று வாசலில் நிறுத்தாமல் அவரை உள்ளே விட வேண்டும். அவர் தலையணையை எடுக்கச் சொன்னால் மாமியார் வாய் திறப்பதற்குள் தகப்பன் எழுந்து எடுக்க வேண்டும். எங்கேயாவது ஒரு குழந்தை தூக்கத்தில் போய்விட்டால், அந்த மரணத்தை ஆய்வு செய்யும் படிவத்தில் எப்படிப் படுக்க வைத்தீர்கள், எதன்மேல், பக்கத்தில் யார், அவர் குடித்திருந்தாரா, மேலே என்ன போர்த்தியிருந்தது என்ற ஐந்து கேள்விகளும் பதிலோடு நிரம்பியிருக்க வேண்டும். அதை நிரப்பப் போகிறவர் துக்க வீட்டில் முதலில் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டும்.